இடது பின்சக்கரம்

வண்டி நின்ற பிறகும் அந்தச் சத்தம் நிற்கவில்லை.

ஆரோன் எஞ்சினை அணைத்துவிட்டு ஸ்டியரிங்கில் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தான். முடிச்சூர் ரோட்டில் ஏறியதிலிருந்தே பின்னால் இடது பக்கம் ஒரு முனகல் வந்துகொண்டிருந்தது. வேகம் கூடக்கூட அது தடித்தது, பிரேக்கை மிதித்தால் மெலிந்தது, வரதராஜபுரத்துச் சந்துகளில் வளையும்போது யாரோ தொண்டையைச் செருமுவதுபோல் கரகரத்தது. பழைய வண்டி, சக்கரத்து பேரிங் தேய்ந்திருக்கும், அதில் அதிசயம் ஒன்றும் இல்லை. ஆனால் சக்கரம் உருண்டால்தான் பேரிங் இரையும். வண்டி ஷெட்டுக்குள் வந்து, கியரில் நின்று, ஹேண்ட் பிரேக்கும் இழுத்தாகிவிட்டது. அதற்கப்புறமும் பின்சீட்டுக்குக் கீழே எங்கிருந்தோ அந்த முனகல் கொஞ்ச நேரம் இழுத்துக்கொண்டிருந்துவிட்டு, தானாக அடங்கியது.

"ஏம்பா உள்ளயே உக்காந்திருக்க?" வாசல் கிரில்லைப் பிடித்தபடி ஜோசலின் கேட்டாள். வயிறு அப்போதுதான் வெளியே தெரிய ஆரம்பித்திருந்தது.

"ஒண்ணுமில்ல ஜோ. பாட்டு ஓடிட்டு இருந்துச்சு."

பாட்டெல்லாம் ஓடவில்லை என்பது அவளுக்குத் தெரியும். கணவன்மார் சொல்லும் சின்னப் பொய்களை எல்லாம் பிடித்துக்கொண்டிருந்தால் குடும்பம் நடத்த முடியாது என்பதும் தெரியும். உள்ளே போய்விட்டாள்.

அந்தக் காரை அவன் வாங்கியதே அவளுக்காகத்தான். முதல் பிள்ளை ஐந்தாம் மாதத்தில் கலைந்து போனது. அதற்கு முந்தின நாள் அவள் ஷேர் ஆட்டோவில் குலுங்கிக் குலுங்கி வேலைக்குப் போய் வந்திருந்தாள். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று டாக்டர் திரும்பத் திரும்பச் சொன்னார். ஆரோன் நன்றாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டான். வேறு ஒருவன் என்றால் தாயத்து கட்டிவிட்டிருப்பான். ஆரோன் கார் வாங்கினான். பிரசவம் டிசம்பரில். ஆஸ்பத்திரி கிழக்குத் தாம்பரத்தில். டிசம்பரில் வரதராஜபுரம் எப்படி இருக்கும் என்று அங்கே குடியிருப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அடையாறு நிரம்பினால் முதலில் விசாரிக்க வருவது அந்தத் தெருவைத்தான். அப்போது எந்த ஆட்டோவும் உள்ளே வராது. கையில் ஒரு வண்டி இருக்க வேண்டும், அது ஓட வேண்டும். அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

முதல் தடவை ஜலால் பாய் சிரித்துக்கொண்டே பேரிங்கை மாற்றிக் கொடுத்தார். முடிச்சூர் ரோட்டில் டைல்ஸ் கடைக்குப் பக்கத்தில் அவருடைய ஒர்க்‌ஷாப். வண்டியை ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, சுருள் கம்பியில் கை வைத்துக் கண்ணை மூடுவார். உள்ளே தேய்ந்திருந்தால் கைக்குத் தெரிந்துவிடும் என்பார்.

இரண்டாம் தடவை டூப்ளிகேட் சரக்கு என்று கடைக்காரனைத் திட்டினார். மூன்றாம் தடவை போனபோது சிரிப்பு நின்றுவிட்டது.

"இன்னா சார், அதே சக்கரமா?"

"அதே சக்கரம்தான் பாய்."

"கம்பெனி ஐட்டம் சார் அது. என் கையால பிரஸ்ல வெச்சு ஏத்துனேன். வருஷக்கணக்குல ஓடணும். உங்களுக்கு மாசம் தாண்ட மாட்டேங்குதே. பேஜாரா கீது."

டயரை இடம் மாற்றிப் பார்த்தார். சத்தம் டயரோடு போகவில்லை, இடது பக்கத்திலேயே தங்கிவிட்டது. பேரிங் உட்காரும் ஹப்பை மாற்றினார். அச்சு வளைந்திருக்கிறதா என்று அளந்தார், வளையவில்லை. கடைசியில் கழற்றிய பேரிங்கை வைஸில் இறுக்கி, உளியை வைத்து ஒரே போடாகப் போட்டார். வளையம் பிளந்தது.

தண்ணீர் கொட்டியது.

உள்ளங்கையில் அடங்குகிற சாமான் அது. அதற்குள் கிரீஸ் இருக்க வேண்டும், மிஞ்சினால் ஒரு ஸ்பூன். ஆனால் பழுப்புத் தண்ணீர் வைஸிலிருந்து மேஜைக்கு வழிந்து, மேஜை விளிம்பில் ஓடி, தரையில் சொட்டி, சொட்டுவது கோடாகி, ஜலால் பாயின் செருப்பை நனைத்துக்கொண்டு வெளியே ரோடு வரைக்கும் போனது. அது நின்றபோது ஒர்க்‌ஷாப் முழுக்க ஒரு வாசனை. ஊறிப்போன மெத்தை, சாக்கடை, அழுகின ஆகாயத்தாமரை. வெள்ளம் வடிந்த வீட்டுக்குள் முதல் நாள் கால் வைத்தவர்களுக்கு அந்த வாசனை மறக்காது. அது செப்டம்பர் மாதம், மழை பெய்து நாளாகியிருந்தது.

"கிரீஸ் எங்க சார்?" என்றார் ஜலால் பாய், தனக்குத்தானே.

பிறகு அவர் பின்கதவைத் திறந்து சீட் பெல்ட்டுகளை ஒவ்வொன்றாகக் கடைசி வரை இழுத்தார். "முழுகுன வண்டின்னா பெல்ட்டு காட்டிக் குடுத்துரும் சார். எவ்ளோ கழுவுனாலும் அடி நுனில சேறு கோடு போட்டிருக்கும்." எல்லாப் பெல்ட்டும் புதுசு மாதிரி சுத்தமாக இருந்தன. சீட்டுக்கு அடியிலும் துரு இல்லை. அவர் கை துடைக்கும் துணியை எடுத்து ரொம்ப நேரம் கையைத் துடைத்தார்.

"இந்த வண்டி வெள்ளத்தையே பாக்கல சார்."

"அப்ப தண்ணி?"

"அதான் எனக்கும் தெரியல." அவர் ஆரோனின் முகத்தைப் பார்க்கவில்லை. "தப்பா நெனைக்காதீங்க. வூட்ல பொண்ணு முழுகாம கீதுன்னு சொன்னீங்கல்ல? இதுல ஏத்தாதீங்க சார். புதுப் பேரிங் போட்டுத் தர்றேன், வந்த வெலைக்குத் தள்ளி வுட்ருங்க."

தள்ளி விடலாம்தான். விளம்பரமும் போட்டான். மழைக்காலம் தொடங்கப்போகிற நேரத்தில், அதுவும் வரதராஜபுரத்தில் நிற்கிற வண்டியை யார் வந்து பார்ப்பார்கள்? போனில் விசாரித்த இருவர் தெருப்பெயரைக் கேட்டதும் அப்புறம் கூப்பிடுகிறோம் என்றார்கள். அப்புறம் கூப்பிடவில்லை.

வண்டியின் பழைய சொந்தக்காரர் பெயர் சத்தியநாதன். முன்பு அதே பகுதியில் வீடு, இப்போது கோயம்புத்தூரில் மகளோடு. ஆரோன் ஒரு மத்தியானம் ஆபீஸ் மாடிப்படியில் நின்றுகொண்டு அவருக்குப் போன் செய்தான். நேராகவே கேட்டான்: வண்டி எப்போதாவது தண்ணீரில் நின்றதா?

"ஒரு சொட்டு படல தம்பி," என்றார் அவர் உடனே. "அந்த டிசம்பர் வெள்ளத்தப்ப எங்க தெருல எல்லார் வண்டியும் போச்சு. என்னுது மட்டும் போகல. காலைலயே கொண்டுபோய் தாம்பரம் மேம்பாலத்துல ஏத்திட்டேன்."

"சரி சார். பின்னாடி ஒரு சக்கரத்துல மட்டும் திரும்பத் திரும்ப..."

"எந்தப் பக்கம்?"

"இடது பக்கம்."

கோயம்புத்தூரில் எங்கோ ஒரு மின்விசிறி சுற்றுகிற சத்தம் போனில் கேட்டுக்கொண்டே இருந்தது.

"என் வீட்டுக்காரி ஏறி உக்காந்துட்டா தம்பி," என்றார் சத்தியநாதன். குரல் மாறவே இல்லை, பால்காரருக்குப் பதில் சொல்வதுபோல் இருந்தது. "பின்னாடி, எப்பவும் உக்கார்ற எடத்துல. நாந்தான் எறங்கச் சொன்னேன். கீழ இருக்கற சாமானெல்லாம் கட்டில் மேல ஏத்தி வை, நான் வண்டிய விட்டுட்டு ஓடியாந்துடறேன்னு. பாலத்துலேர்ந்து திரும்பி வர்றதுக்குள்ள ஏரி ஒடைஞ்சுடுச்சு."

ஆரோன் போனை மறு காதுக்கு மாற்றினான். ஏதாவது ஆறுதலாகச் சொல்ல வாயெடுத்தபோது இணைப்பு துண்டிக்கப்பட்டிருந்தது. மறுபடி கூப்பிட்டான். எடுக்கவில்லை.

அன்றைக்கு மேல் அவனுக்கு எதிலும் மனம் நிலைகொள்ளவில்லை. ஆபீஸில் ஒரே ரசீதைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தான். பாதி சாப்பாட்டில் எழுந்துபோய் ஷெட்டைப் பார்த்தான். அந்த வாரம் முழுவதும் காரை எடுக்கவில்லை. எடுக்காத வண்டியின் சக்கரத்தடியில் சிமெண்ட் தரை காலையில் ஈரமாக இருந்தது. ஜோசலின் அதைப் பார்த்துவிட்டுப் பூனை என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் சபையில் பெண்கள் கூட்டத்துக்குப் போயிருந்தபோது, அவன் ஜாக்கியை எடுத்து இடது பின்சக்கரத்தைத் தூக்கி, கழற்றி ஓரமாகச் சாய்த்தான். ஜலால் பாய் செய்வதைப் பார்த்திருக்கிறான்: நீள ஸ்க்ரூ டிரைவரின் நுனியை ஹப்பில் ஊன்றி, கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் அழுத்திக்கொண்டால் இரும்புக்குள் நடப்பதெல்லாம் தலைக்குள் கேட்கும். ஹப்பைச் சுற்றிவிட்டுத்தான் கேட்க வேண்டும். ஆரோன் சுற்றவில்லை. சும்மா ஊன்றினான்.

முதலில் தன் நாடித்துடிப்புதான் கேட்டது. தெருவில் தண்ணீர் லாரி போனது, பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடி நின்றது. அதெல்லாம் மெல்ல மெல்ல விலகி ஒரு பெரிய அமைதி விரிந்தது, ஒரு வீட்டின் அளவுக்குப் பெரிய அமைதி. அதற்குள் தண்ணீர் அசைந்தது. ஏதோ ஒரு பாத்திரம் மிதந்துபோய்ச் சுவரில் மெதுவாக முட்டியது, விலகியது, மறுபடி முட்டியது. நாற்காலியா கட்டிலா தெரியவில்லை, மரம் ஒன்று தரையை விட்டுக் கிளம்பும் முனகல். இத்தனை மாதமாக அவன் ரோட்டில் கேட்டுக்கொண்டு வந்த முனகல் அதுதான். பிறகு தட்டும் சத்தம். மெத்தென்று, உள்ளங்கையால். கதவையோ கண்ணாடியையோ. அவசரமே இல்லை. வருகிறேன் என்று சொன்னவன் வந்துவிடுவான் என்று நம்புகிறவள் தட்டுவதுபோல இருந்தது.

கையை எடுக்க முடியவில்லை. எடுத்தான்.

பயத்தில் உளறுவது என்பார்களே, அதைத்தான் அப்போது செய்தான். காலி ஷெட்டில், கிரீஸ் கையோடு, இரும்பைப் பார்த்துச் சொன்னான்: "நான் அப்படிச் செய்ய மாட்டேன். நான் யாரையும் எறக்கி விட மாட்டேன்." சொன்னதும் மனசு லேசானது. அந்த லேசு அவனுக்கே பிடிக்கவில்லை.

மறுநாள் ஜலால் பாயிடம் கொண்டுபோய் இன்னொரு பேரிங் போட்டுக்கொண்டு வந்தான். சத்தம் போய்விட்டது. நவம்பர் பாதி கடந்தும் வரவில்லை. ஒரு நாள் செம்பாக்கம் வரை போய்விட்டு வந்தான், வண்டி வெண்ணெயாக ஓடியது. அவனுக்கு நிம்மதியில் அழுகை வந்தது. விற்கிற பேச்சை விட்டான்.

நவம்பர் கடைசியில், புயல் கரையைக் கடக்குமா, கடலிலேயே நிற்குமா என்று டிவி இரண்டு நாளாகத் தெளிவில்லாமல் பேசிக்கொண்டிருந்தது. மழைக்கு அந்தக் குழப்பம் இல்லை. காலையிலிருந்து தெருவில் கார்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. எல்லாம் மேம்பாலத்துக்கு. வண்டியை மேலே விட்டுவிட்டு, பேண்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, குடையோடு நடந்தே திரும்பி வந்தார்கள். வருஷா வருஷம் செய்கிற வேலை. எதிர்வீட்டு ஏசுதாசன் கேட்டில் நின்று கத்தினார்: "ஆரோன், நீ இன்னும் ஏத்தலையா? இடம் ரொம்பிடும்பா!"

"அப்புறம் போறேன் சார்!"

வீட்டில் அவளைத் தனியாக விட்டுவிட்டு வண்டியை ஏற்றப் போக மாட்டான். அதில் அவன் உறுதியாக இருந்தான்.

மத்தியானத்துக்கு மேல் தண்ணீர் கேட்டுக்குள் வந்தது. அதே நேரத்தில் ஜோசலின் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிரசவத்துக்கு இன்னும் நாள் இருந்தது. ஆனால் வலி நாள் பார்த்து வரவில்லை. ஆம்புலன்ஸுக்குப் போன் செய்தான்; வண்டிகளெல்லாம் அங்கங்கே மாட்டிக்கொண்டிருக்கின்றன, முயற்சி செய்கிறோம் என்றார்கள்.

"கொஞ்சம் பாக்கலாம் ஜோ. ஆம்புலன்ஸ் வந்துடும்."

"தண்ணி ஏறுதுப்பா." அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "வண்டி இருக்குல்ல? எதுக்கு வாங்கின?"

அவன் சாவியை எடுத்தான். அவளை முன்சீட்டில் உட்காரச் சொன்னான். சாய்ந்து உட்கார முடியாது, காலை நீட்ட வேண்டும் என்றாள். சரி, பின்னால். வலது பக்கம், தன் முதுகுக்குப் பின்னால். அவளை ஏற்றிக் கதவைச் சாத்தும்போது இடது பக்க சீட்டைப் பார்த்தான். காலியாக, உலர்ந்துபோய் இருந்தது.

சந்துத் தண்ணீரை வண்டி கிழித்துக்கொண்டு வெளியே வந்தது. முடிச்சூர் ரோட்டில் ஏறியதும் பேரிங் முனகத் தொடங்கியது. மழைச் சத்தத்துக்கு மேலே, வைப்பர் சத்தத்துக்கு மேலே. ஆரோன் பல்லவி பாடுவதுபோல வாய்க்குள் ஜெபித்துக்கொண்டே ஓட்டினான். பாலம் தெரிந்தது. பாலம் ஏறி இறங்கினால் கிழக்குத் தாம்பரம். அவ்வளவுதான், ஏறி இறங்கினால் போதும்.

"ஆரோன்."

"சொல்லும்மா. வந்துட்டோம்."

"கொஞ்சம் தள்ளி உக்காரச் சொல்லுப்பா. இடமே இல்ல இங்க."

கண்ணாடியில் பார்த்தான். ஜோசலின் கண்ணை மூடிக்கொண்டு வலது கதவோடு கதவாக ஒட்டியிருந்தாள். பக்கத்தில் யாரும் இல்லை. வண்டியின் பின்பக்கம் மட்டும் இடப்புறமாகச் சரிந்து, ஏற்றத்தில் எஞ்சின் திணறியது. முனகல் அலறலாகி ஏறியது. இரும்பை இரும்பு தின்னும் சத்தம். பாலத்தின் உச்சியில், இரண்டு பக்கமும் வரிசையாக நிறுத்தியிருந்த கார்களுக்கு நடுவில், சக்கரம் ஒரே உதறலில் இறுகியது. வண்டி நின்றது.

அவன் இறங்கினான்.

முதலில் அவள் பக்கத்துக் கதவைத் திறந்திருக்க வேண்டும். கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஆனால் மாதக்கணக்கில் பழகின கால், வண்டியைச் சுற்றிக்கொண்டு இடது பின்சக்கரத்துக்குப் போனது. மழையில் மண்டியிட்டான். ஹப்பிலிருந்து பழுப்புத் தண்ணீர் குழாய் திறந்ததுபோல் கொட்டிக்கொண்டிருந்தது. பாலத்துச் சரிவில் ஓடியது. அந்த வாசனை. கையை வைத்து அடைக்கப் பார்த்தான். அடைக்கவும் செய்தான். அவன் கைக்குக் கீழே தண்ணீர் சட்டென்று நின்றது. வெளியே வருவது நின்றது. கர்த்தாவே, ஸ்தோத்திரம் என்றான்.

நிமிர்ந்தான்.

பின்கதவுக் கண்ணாடி பழுப்பாக இருந்தது. வெளியே சேறு அடித்திருக்கிறது என்று நினைத்துக் கையால் துடைத்தான். வெளிப்பக்கம் சுத்தமாக இருந்தது.

பழுப்பு உள்ளே.

சீட் தெரியவில்லை. ஸ்டியரிங் தெரியவில்லை. கூரை வரைக்கும் தண்ணீர். கதவிடுக்கில் ஒரு சொட்டு கசியவில்லை. கைப்பிடியை இழுத்தான். வரவில்லை. மறுபக்கம் ஓடினான். விழுந்தான். எழுந்தான். இழுத்தான். வரவில்லை.

"ஜோ!"

உள்ளே மங்கலாக அவள் கூந்தல் விரிந்து அசைந்தது. அவள் உள்ளங்கை வந்து கண்ணாடியில் அப்பியது. விரல் நுனிகள் வெளுத்திருந்தன. அதன் மணிக்கட்டைப் பிடித்திருந்த இன்னொரு கை ஊறிச் சுருங்கியிருந்தது, அதில் ஒற்றை வளையல். அது அவளை இழுக்கவில்லை. பயப்படாதே என்பதுபோல் தட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தது.

கல் வேண்டும். கம்பி வேண்டும். யாராவது வேண்டும். அவன் கத்திக்கொண்டு அடுத்த காருக்குத் திரும்பினான்.

அது ஏசுதாசன் சாரின் கார். காலையில் அவர் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனது. அதன் கண்ணாடிகளுக்குப் பின்னால் கூரை வரைக்கும் பழுப்பு. அதற்கு அடுத்த கார். அதற்கு அடுத்தது. பாலத்தின் இரண்டு ஓரத்திலும், மழையில் கழுவி விட்டதுபோல் மின்னிக்கொண்டு, கண்ணுக்கெட்டின தூரம் வரை, வீட்டில் ஆளை விட்டுவிட்டுத் தெருத் தெருவாகக் காப்பாற்றிக் கொண்டுவந்து நிறுத்தின அத்தனை கார்களும் உள்ளே நிரம்பி நின்றன. ஒவ்வொரு பின்கண்ணாடியிலும் ஒரு உள்ளங்கை மெதுவாக, அவசரமில்லாமல் தட்டிக்கொண்டிருந்தது.